கழுவாத தோள்

அவன் பந்து எறிந்ததை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. வானொலியில் கேட்டதோடு சரி. ஆனால் அவனுடைய வலது தோள் எனக்குத் தெரியும். தசை எந்த இடத்தில் முடிச்சு விழுந்து கிடந்தது, எங்கே பெருவிரலை வைத்து அழுத்தினால் அவன் பல்லைக் கடிப்பான் என்பதெல்லாம் இன்றைக்கும் என் கைக்கு ஞாபகம் இருக்கிறது.

அவன் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் என் பழைய வேலைக்கூட்டாளி, நான் நானா என்று கூப்பிடுகிறவர். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது.

"டேய் தம்பி, எங்க நிக்கிறாய்?"

"வேலையில நானா. சொல்லுங்கோ."

"உன்ர ஆள் மௌத்தாப் போட்டான்."

"ஆர் என்ர ஆள்?"

"அந்த பேஸ்போல்காரன்ரா. நீ எண்ணெய் பூசி அனுப்பினியே, அவன். இப்பதான் போனில பாத்தன். எங்கட ரீமுக்கு எறிஞ்சவன் எண்டு ரெண்டு வரி போட்டிருக்கிறாங்கள். படமும் இல்லை."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். பின்னால் நின்ற பெடியன், அங்கிள் வழியில வைக்காதேங்கோ என்றான். மறுபடியும் தூக்கிக்கொண்டேன்.

நானா யாழ்ப்பாணத்து முஸ்லிம், அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஊரில் இரண்டு மைல் இடைவெளியில் வளர்ந்திருந்தும் நாங்கள் சந்தித்தது ரொறன்ரோவில், நிலத்துக்குக் கீழே இரண்டாவது தளத்தில். ஒரு பெரிய குடியிருப்புக் கட்டடத்தின் கார் தரிப்பிடத்தில் நாங்கள் இருவரும் மாறி மாறிக் காவல் இருந்தோம். அவர் வந்தால் நான் போகலாம், நான் வந்தால் அவர் போகலாம். அந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நானா முப்பது வருடமாக ஒரு பகிடியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். கலியாண வீடு, பிறந்தநாள், செத்தவீடு, எங்கே கண்டாலும் பக்கத்தில் நிற்பவரிடம் என்னைக் காட்டி, "இவர் ஆர் தெரியுமோ? ஒரு போத்தல் எண்ணெயால ஒரு பெரிய விளையாட்டுக்காரனைக் கவிட்டு விழுத்தின ஆள்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் நின்றால் உண்மை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான். அவனுடைய விளையாட்டு என் எண்ணெயால்தான் முடிந்ததா? அவன் உயிரோடு இருந்தவரை எங்கேயாவது கண்டால் கேட்கலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. தேடிப் போகவில்லை, கடிதம் போடவில்லை, ஆனால் நினைப்பு இருந்தது. நானாவின் தொலைபேசியோடு அதுவும் போய்விட்டது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பதினேழு வயதில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டேன். கொழும்பு லொட்ஜில் கொஞ்சக் காலம், மொஸ்கோவில் சந்தையில் மூட்டை தூக்கிக் கொஞ்சக் காலம், பேர்லினில் கோப்பை கழுவிக் கொஞ்சக் காலம். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் காலுக்குக் கீழே கடிக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவனை இந்த நாடு வந்த இடத்திலேயே இருத்திவிட்டது. அகதி வழக்கு முதல்முறை நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு முடியும்வரை நாட்டைவிட்டுப் போகமுடியாது, வீடு மாறினாலும் அறிவிக்கவேண்டும். நாலு வருடம் அப்படிப் போயிற்று. அந்த நாலு வருடத்தில் பெரும்பகுதியை நான் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் கழித்தேன்.

கூண்டு ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் முட்டும். ஒரு கதிரை, ஒரு சூடாக்கி, தடுப்புக் கம்பத்தைத் தூக்க ஒரு பொத்தான். பன்னிரண்டு மணித்தியாலம் வேலை. மாற்று ஆள் வரும்வரை கூண்டைவிட்டு அசையக்கூடாது. கழிப்பறை மேலே தரைத்தளத்தில். என்ன செய்தேன் என்று எழுதத் தேவையில்லை, வெறும் பால் பெட்டிகள் இருந்தன. வெளியே வெயிலா மழையா என்பதை உள்ளே வருகிற கார்களின் கூரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பனிக்காலத்தில் கூரையில் வந்த பனி உருகி என் கூண்டடியில் ஓடும். நானா நேரத்துக்கு வந்த நாட்கள் குறைவு. பஸ் பிந்திப்போச்சு என்பார். பரவாயில்லை என்பேன். எனக்கும் போவதற்கு ஒரு நிலவறை அறைதான் இருந்தது. கீழேயிருந்து கீழே.

எங்களுக்கு முந்தி வேலை செய்த யாரோ ஒருவன் வானொலிக்கு ஒரு கம்பியைப் பொருத்தி, வாகனம் ஏறுகிற சரிவு வழியாக மேலே கொண்டுபோய் விட்டிருந்தான். அதில் ஒரேயொரு அலைவரிசை பிடிக்கும். கோடை முழுக்க பேஸ்போல். இங்கிலீசும் பேஸ்போலும் எனக்கு ஒன்றாகத்தான் வந்தன, இரண்டும் அரைகுறையாக. கிரிக்கெட் கேட்டு வளர்ந்த காதால் கேட்டேன். பந்து எறிபவனைப் பாதியில் மாற்றினால், பந்துவீச்சாளருக்கு ஓய்வு கொடுக்கிறார்கள், பிறகு வருவான் என்று காத்திருந்தேன். இவன் அப்படிப் பாதியில் கூப்பிடப்படுகிறவர்களில் ஒருவன். முதலில் தொடங்கியவன் களைத்துப்போனால், அல்லது அடி வாங்கினால், இடையில் வந்து கொஞ்ச நேரம் எறிந்துவிட்டுப் போகிறவன். ஒருநாள் அவன் மூன்றுபேரை ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற்றினான். அறிவிப்பாளருக்கே ஆச்சரியம். இவனை மறுபடி கொண்டுவருவார்கள் என்று ஆட்டம் முடியும்வரை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்தேன்.

அவன் எங்கள் கட்டடத்தில்தான் இருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. மேலே தளபாடங்களோடு மாத வாடகைக்கு விடுகிற வீடுகள் சில இருந்தன. பழைய பிக்கப் வண்டி, அமெரிக்க இலக்கத் தகடு. தரிப்பிட அட்டையில் பெயரைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கூண்டை விட்டு வெளியே வரமுடியாதே, கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டேன்.

"நேற்று நல்லாய் எறிஞ்சது. ஏன் கப்டன் பிறகு திரும்பித் தரேல்லை?"

என் இங்கிலீஷ் அப்படித்தான் இருந்தது, பாதி வாய், பாதி கை. அவனுக்கு நான் கேட்டது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். எங்கள் விளையாட்டில் அப்படிக் கிடையாது, ஒருமுறை வெளியே போனவன் அன்றைக்கு மறுபடி உள்ளே வரமுடியாது என்றான்.

"ஒருக்காலும் இல்லையோ?"

"இல்லை."

"கூடாத சட்டம்."

"அவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்," என்றான்.

அதற்குப் பிறகு போகும்போதும் வரும்போதும் ஐந்து நிமிடம் நிற்பான். அவனுக்கும் என் வயதுதான், இருபத்தாறு, இருபத்தேழு. கீழ்மட்ட அணியிலிருந்து மேலே கூப்பிட்டிருந்தார்கள். எந்த நேரமும் தொலைபேசி அடித்துத் திருப்பி அனுப்பலாம். அதனால் பையிலிருந்து உடுப்பை வெளியே எடுத்து வைக்கவேயில்லை என்றான். ஆட்டத்தின்போது மைதானத்துக்குள் இருப்பதுமில்லை. சுவருக்குப் பின்னால் கம்பி அடைத்த ஒரு இடத்தில் அவனைப் போன்ற ஆறேழு பேர் குந்தியிருப்பார்களாம். அங்கேயும் ஒரு தொலைபேசி. அது அடித்தால் யாராவது ஒருவன் எழும்பவேண்டும். அடிக்காவிட்டால் முழு ஆட்டமும் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"அப்ப நீயும் கூண்டிலதான்," என்றேன்.

"உன்னுடையதில் ஹீட்டர் இருக்கிறது," என்றான்.

அவனுடைய தோளில் கோளாறு இருப்பதை நான் கண்டுபிடித்தது ஆடிமாதக் கடைசியில். வண்டியிலிருந்து பையை இடது கையால் இறக்கினான், கதவை இடுப்பால் தள்ளிச் சாத்தினான். மொஸ்கோவில் மூட்டை தூக்கிய காலத்தில் நானும் அப்படித்தான் கதவு சாத்தினேன். கண்ணாடிக்குள் இருந்து என் தோளைத் தொட்டுக் காட்டி, நோகுதோ என்று கேட்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அந்தத் தளத்தில் கார்களைத் தவிர ஒருவருமில்லை. யாரிடமும் சொல்லிவிடாதே என்றான். கையை மேலே உயர்த்தினால் கண் இருட்டுகிறது, இரவில் நித்திரை இல்லை, அணி வைத்தியரிடம் போனால் நாளைக்கே பெயரை வெட்டிவிடுவார்கள் என்றான்.

என்னிடம் ஒரு போத்தல் நோவெண்ணெய் இருந்தது. ஸ்காபுரோ தமிழ்க்கடையில் வாங்கியது, ஊரிலிருந்து வந்தது. கரும்பச்சை நிறம், திறந்தால் அந்தத் தளம் முழுக்க மணக்கும். இருந்து இருந்து நொந்த என் இடுப்புக்குப் பூசுவேன். சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து தோள் விலகி, முறிவு வைத்தியரிடம் பதினைந்து நாள் போய் வந்தவன் நான். அவ்வளவுதான் என் வைத்தியப் படிப்பு. அவர் எப்படி உருவினார், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் இழுத்தார் என்பது ஞாபகம் இருந்தது. உருவி முடிந்ததும் ஒவ்வொரு நாளும் அவர் சொல்லிவிடுவதும் ஞாபகம் இருந்தது: அடுத்த நாள் விடியும்வரை தண்ணி படக்கூடாது. பட்டால் நோ உள்ளே இறங்கிவிடும்.

இரண்டு மூன்று நாள் யோசித்தான். பிறகு ஒருநாள் காலமை ஒன்பது மணிக்கு, பகல் ஆட்டம் உள்ள நாளில், வண்டிக்குப் போகாமல் நேரே கூண்டடிக்கு வந்து, "அந்த எண்ணெய் இருக்கிறதா?" என்றான்.

அவனை என் கதிரையில் இருத்தினேன். இரண்டுபேருக்குக் கூண்டு காணாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று உருவினேன். சட்டையைக் கழற்றிக்கொண்டு ஒரு பெரிய உடம்பு எனக்கு முன்னால் குனிந்திருந்தது. முதல் பத்து நிமிடம் முனகினான். கை முழுக்க எண்ணெய், வந்த கார்களுக்கு முழங்கையால் பொத்தானை அமத்திக் கம்பத்தைத் தூக்கிவிட்டேன். ஒரு சீமாட்டி கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் தோள் என் கைக்குள் இளகி வந்தது. குனிந்து பார்த்தால் ஆள் நித்திரை. நாடி நெஞ்சில் முட்ட, வாய் கொஞ்சம் திறந்தபடி.

அந்த நேரம் பார்த்து நானா வந்தார். அவருக்கு அன்று மத்தியானம் சட்டத்தரணியிடம் போகவேண்டியிருந்தது. இரவு வேலைக்குப் பிந்தினால் கொஞ்ச நேரம் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வந்தவர் கண்ணாடிக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா இது, வெள்ளைக்காரனுக்கு முழுக்கு வாக்கிறியோ?"

"மெல்லக் கதையுங்கோ நானா. ஆள் நித்திரை."

"நித்திரையோ? மனேச்சர் கண்டா உன்னையும் நித்திரையாக்கிப் போடுவான்."

அரை மணித்தியாலம் கழித்து அவன் தானாகவே முழித்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழுசினான். பிறகு எழும்பி வெளியே வந்து வலது கையை மெதுவாக உயர்த்தினான். காது வரைக்கும், பிறகு தலைக்கு மேலே. அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். நோகவில்லை என்றான். இரண்டாம் முறை சொன்னபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

சட்டையைப் போடும்போது கேட்டான், எறிவதற்கு முன்னால் இதைக் கழுவிவிடலாமா என்று.

"இல்லை, இல்லை. தண்ணி இல்லை. கழுவுறது இல்லை, துடைக்கிறது இல்லை. நாளைக்குக் காலமை."

"நாளைக்குக் காலை வரை தண்ணீர் இல்லை," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னான். நீளக் கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு போனான்.

அன்று நல்ல வெயில் என்று வானொலி சொன்னது. எட்டாவது சுற்றில், எங்கள் அணி ஒரேயொரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றபோது, எதிரணியின் இரண்டுபேர் ஏற்கெனவே உள்ளே நிற்கையில், அவனைக் கூப்பிட்டார்கள். கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். முதல் பந்து பிடிகாரனின் தலைக்கு மேலால் போயிற்று. இரண்டாவது அடிகாரனின் விலாவில் பட்டது. கூட்டம் உறுமியது. பந்து கையால் நழுவுவதுபோல் இருக்கிறது, இப்போது காற்சட்டையில் கையைத் துடைக்கிறான், திரும்பவும் துடைக்கிறான் என்று அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கைகளைப் பார்த்தேன். குடிக்கக் கொண்டுவந்த தண்ணியால் மூன்று முறை கழுவியும் மணம் போகவில்லை, விரலிடுக்கில் வழுவழுப்பு இருந்தது. வெயிலில் வியர்த்துத் தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல் என்று அது இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த நிமிடம் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் அறிவேன். மைதானம் பதினைந்து நிமிட நடை. ஓடினால் ஏழு, எட்டு. ஓடி என்ன செய்வேன்? வாசலில் நின்று கழுவு, கழுவு என்று கத்துவேனா? ஆனாலும் எழும்பிவிட்டேன். கதவில் கையை வைத்தேன். வெளியே நாலு கார்கள் கம்பம் தூக்குவதற்காக வரிசையில் நின்றன. முன்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நானா வருவதற்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது. கூண்டை விட்டுப் போனால் வேலை போகும், வேலை போனால் வழக்குக்குக் காட்டக் கடிதம் இல்லை. இருந்தேன். பொத்தானை அமத்தினேன். அடுத்தவனுக்கு நாலு பந்தும் அகலமாய்ப் போனது, எதிரணிக்கு இலவசமாய் ஒரு ஓட்டம், ஆட்டம் சமமாயிற்று. அதற்கடுத்தவனுக்கும் அப்படியே, எதிரணி முன்னுக்குப் போயிற்று. பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே போனவன் திரும்பி வரமுடியாது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் நான் வேலைக்கு வந்தபோது பிக்கப் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அவன் பொழுதுபட்டதும் பையைப் போட்டுக்கொண்டு போய்விட்டானாம்.

"ஏதும் சொன்னவனோ நானா?"

"ஒண்டும் சொல்லேல்லை. அட்டையைத் தந்திட்டுப் போட்டான். உன்ர எண்ணெய் மட்டும் கம்மெண்டு மணந்தது."

அப்போதும் கழுவியிருக்கவில்லை. விடியும்வரை என்று நான் சொல்லியிருந்தேன்.

வானொலியில் அவன் பெயரை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்குக் கடைசியில் வழக்கு வென்று கடதாசி கிடைத்தது. கிடைத்த கிழமையே வெளிக்கிட்டேன். அல்பேர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்று முகாம், நியூபவுண்ட்லாந்தில் மீன் வெட்டுகிற இடம், பிறகு பன்னிரண்டு வருடம் நெடுந்தூர லொறி. எங்கே போனாலும் கோடை வந்தால் யாராவது ஒருவன் பேஸ்போலைப் போட்டுவிடுவான். நான் எழும்பி வெளியே போய்விடுவேன். இடுப்பு லொறிக்கு ஒத்துவராமல் போனபிறகு ரொறன்ரோவுக்குத் திரும்பினேன். இப்போது நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில், ஒரு வீட்டின் நிலவறையில் இருக்கிறேன்.

நானா விடவில்லை. சனிக்கிழமை மறுபடி எடுத்தார். அவனை நினைவுகூர ரசிகர்கள் கொஞ்சப்பேர் ஞாயிறு மத்தியானம் ஒரு பாரின் பின்னறையில் கூடுகிறார்களாம், யாரும் வரலாமாம்.

"நான் வரேல்லை நானா."

"வா. அவனுக்கு நாங்கள் ரெண்டுபேரும் கதவு திறந்து விட்டனாங்கள். நான் அஜக்ஸில இருந்து வரேக்க உன்னை ஏத்துறன்."

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வழக்கம்போல வாகனங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் சொன்னேன், "அங்க போய் எண்ணெய்க் கதை கதைக்கக்கூடாது."

"நான் ஏன் கதைக்கிறன்? நீ கதைப்பியோ?"

"இல்லை."

நானா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாக அந்த விஷயத்தில் அவர் சிரிக்கவில்லை.

பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். நீள மேசை, சுவரோரம் அதே நீளத்துக்கு ஒரு மர வாங்கு. எங்களை வாங்கில் உள்ளே தள்ளி இருத்தினார்கள். எனக்கு ஒரு பக்கம் நானா, மறுபக்கம் ஓய்வுபெற்ற ஸ்றீட்கார் சாரதி ஒருவர். எழும்புவதென்றால் நாலுபேர் எழும்பவேண்டும். நானா தேத்தண்ணி கேட்டார். ஒரு கோப்பை சுடுதண்ணியும் ஒரு பையும் வந்தன. "இதை நாங்களே போடவேணுமாம்," என்று எனக்குச் சொன்னார்.

அவர்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் மலிவு இருக்கையில் இருந்தவர்கள். அந்த இருக்கைகள் சரியாக அந்தக் கம்பி அடைத்த இடத்துக்கு மேலே. அவர்கள் அவனுடைய தொப்பியையும் பிடரியையும்தான் பார்த்திருந்தார்கள். மேலேயிருந்து கூப்பிட்டால் நிமிர்ந்து கை காட்டுகிற ஒரே ஆள் அவன்தான் என்றார் சாரதி. ஒருவர் அவன் இலக்கத்தைத் தானே வெட்டித் தைத்த சட்டையைப் போட்டு வந்திருந்தார். கடைகளில் அவன் சட்டை ஒருநாளும் விற்றதில்லையாம். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, பார்த்த ஆட்டத்தையெல்லாம் பந்து பந்தாகக் குறித்து வைத்த கொப்பிகளில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சிரித்தார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார்கள். நல்ல மனிதர்கள். அவனுக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு இருட்டறையில் வந்து இருப்பதற்கு வேறு காரணம் அவர்களுக்கு இல்லை.

பிறகு அந்த நாளுக்கு வந்தார்கள். வராமல் இருக்கமுடியாது. அந்த அம்மா கொப்பியை விரித்து, உடம்பில் பட்டது ஒன்று, இலவச நடை இரண்டு என்று வாசித்தார். அன்றைக்கு அவனுக்கு என்னதான் நடந்தது? பயம் என்றார் ஒருவர். பெண் விவகாரம் என்றார் இன்னொருவர். அந்த இலக்கச் சட்டைக்காரர் குரலைத் தாழ்த்தி, "குடி," என்றார். "மேலே இருந்து பார்த்தேன். கண் ஒரு மாதிரி இருந்தது. ஏதோ மணமும் வந்தது என்று காவலாளி ஒருவன் பிறகு சொன்னான்." இரண்டு மூன்றுபேர் தலையாட்டினார்கள். கனகாலம் பேசி முடிவெடுத்த விஷயம் என்று தெரிந்தது.

மேசையின் அந்த முனையில் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண் ஒருத்தி இருந்தாள். ரசிகை என்றுதான் நினைத்திருந்தேன். சாரதி என் காதுக்குள் சொன்னார், அது அவனுடைய தங்கை, எல்லை கடந்து பத்து மணித்தியாலம் கார் ஓட்டி வந்திருக்கிறாள் என்று. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த கடதாசித் துவாலையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

நான் பேசாமல் இருந்தால் அவன் குடிகாரனாகவே இருப்பான். வாங்கில் இடமில்லாததால் எழும்பவும் முடியவில்லை. இருந்த இடத்திலேயே, "குடி இல்லை," என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். நானா மேசைக்குக் கீழே என் முழங்காலைப் பிடித்தார். எதற்கென்று தெரியவில்லை, நிறுத்தச் சொல்லியோ, சொல்லச் சொல்லியோ.

சொன்னேன். கூண்டு, தோள், போத்தல், வைத்தியர் சொன்ன விதி, காலமை வரை தண்ணி இல்லை. முப்பது வருடத்தில் என் இங்கிலீஷ் அவ்வளவு முன்னேறவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பிறகு சட்டைக்காரர் மேசையில் ஓங்கி அடித்து, "எண்ணெய்!" என்றார். சிரிப்பு வெடித்தது. கோபப்படுவார்கள் என்று பயந்திருந்தேன். அவர்களுக்கோ சந்தோசம். இவ்வளவு காலமும் விளங்காமல் இருந்த ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த அம்மா பென்சிலை எடுத்து, அந்த எண்ணெயின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். யாரோ எனக்கு ஒரு பியர் வாங்கி வைத்தார்கள். முதுகில் தட்டினார்கள்.

தங்கை சிரிக்கவில்லை. எழும்பி நின்று, என்னோடு கொஞ்சம் வரமுடியுமா என்றாள். நாலுபேர் எழும்பி எனக்கு வழிவிட்டார்கள். கோட்டுகள் தொங்கிய ஒடுங்கிய நடைபாதையில் நின்றோம்.

"அடுத்த நாள் காலை வீட்டுக்கு வந்தான்," என்றாள். "இரவு முழுக்க ஓட்டி வந்திருக்கிறான். ஒருவரோடும் பேசாமல் நேரே குளியலறைக்குப் போனான். அந்தத் துவாயில் பிடித்த பச்சையை அம்மாவால் கழுவி எடுக்க முடியவில்லை. என்ன அது என்று கேட்டோம். சொல்லவில்லை."

நான் தொங்கிய கோட்டுகளை ஒதுக்கி அவளுக்கு இடம் விட்டேன்.

"கழுவட்டுமா என்று அவன் உங்களைக் கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்கள் வேண்டாம் என்றீர்கள்."

"ஓம்."

அவள் ஒரு கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுடையதாகக்கூட இருக்காது. "அவன் யார் எதைச் சொன்னாலும் கேட்பான்," என்றாள். "சின்னதிலிருந்தே அப்படித்தான். அதுதான் அவனோடு வந்த கரைச்சல்."

உள்ளே மறுபடி சிரிப்புக் கேட்டது. அவள் கோட்டை விட்டுவிட்டு, "எவ்வளவு நேரம் தேய்த்தீர்கள்?" என்று கேட்டாள்.

"அரை மணித்தியாலம். பிறகு இன்னொரு அரை மணித்தியாலம் நித்திரை கொண்டான். என்ர கதிரையில."

"தூங்கினானா?"

"ஓம். நல்ல நித்திரை. கார்கள் போய் வந்தது, முழிக்கேல்லை."

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தக் கோடை முழுக்கத் தொலைபேசியில் தூக்கம் இல்லை, தூக்கம் இல்லை என்றுதான் அவன் சொல்வானாம். தலையை எந்தப் பக்கம் வைத்திருந்தான், குறட்டை விட்டானா, முழித்ததும் என்ன சொன்னான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாடி நெஞ்சில் முட்டியிருந்ததைக் குனிந்து காட்டினேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றதையும் நின்று காட்டினேன். கோப்பைகளோடு வந்த பரிசாரகப் பெண் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"அம்மா இன்னும் இருக்கிறா," என்றாள் தங்கை. "ஞாபகம் எல்லாம் நல்லாய் இருக்கிறது. அவன் தூங்கியதை அவவுக்குச் சொல்வேன்." அவள் தன் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டு, பொத்தான்களைக் கீழேயிருந்து மேலே பூட்டினாள். "கழுவவேண்டாம் என்று நீங்கள் சொன்னதைச் சொல்லமாட்டேன்."

சரி என்றேன்.

அவள் உள்ளே யாரிடமும் விடைபெறாமல் பின்கதவால் போனாள். என் எண்ணெயால்தான் முடிந்ததா என்று நான் கேட்க நினைத்திருந்த கேள்விக்கு அந்தச் 'சொல்லமாட்டேன்'தான் பதில். இவ்வளவு சுருக்கமாக வரும் என்று நினைக்கவில்லை. திரும்பி அறைக்குள் போனபோது, பிந்தி வந்த ஒருவருக்குச் சட்டைக்காரர் என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு போத்தல் முழுக்க ஊற்றினாராம் என்றார். நாலுபேரும் மறுபடி எழும்ப, நான் வாங்கில் என் இடத்துக்குள் போய் இருந்து, இரண்டு போத்தல் இல்லை, ஒரு போத்தலில் கால்வாசி என்று திருத்திச் சொன்னேன்.